மணப்பாட்டிலிருந்து தூத்துக்குடிக்கு

மணப்பாட்டில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணல்மேட்டின் மேல் திருச்சிலுவை ஆலயம் நிற்கிறது. கடல் பக்கமாகக் கீழே இறங்கினால் ஒரு குகை. 1542-இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் இங்கே தங்கி ஜெபித்தார் என்பார்கள். குகைக்குள் ஒரு கிணறு. அலையடிக்கும் இடத்துக்கு இவ்வளவு பக்கத்தில் உப்புக் கரிக்காத தண்ணீர். வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு வாய் குடித்தார்கள். எங்களோடு வந்திருந்த தம்பியும் குடித்தார்.

அவர் லிஸ்பனில் ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் வேலை பார்க்கிறார். 2025 கிறிஸ்துமஸ் விடுப்பில் ஊருக்கு வந்தவர், புத்தாண்டு கழிந்து கிளம்பவேண்டியிருந்தது. தூத்துக்குடிப் பரவர் குடும்பம், போர்ச்சுக்கீசியக் குடும்பப் பெயர். வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இங்க நின்னா போர்ச்சுகல் நமக்கு ஏதோ சொந்தம் மாதிரி தோணுதுண்ணே. அங்க போய் ரோட்டுல நின்னா, 'இது பங்களாதேஷ் இல்ல'ன்னு போஸ்டர் வச்சிருக்கான்."

அந்தப் போஸ்டரை வைத்தவர் ஆந்த்ரே வென்டுரா. 2026 ஜனவரியில் நடந்த போர்ச்சுக்கல் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஒரு வேட்பாளர். 2019-இல் அவர் தொடங்கிய 'ஷேகா' என்ற கட்சி, 2025 மே மாத நாடாளுமன்றத் தேர்தலில் 60 இடங்களைப் பிடித்து இரண்டாவது பெரிய கட்சியாகிவிட்டது. 'கடவுள், தாய்நாடு, குடும்பம்' என்பது பல பத்தாண்டுகள் அந்த நாட்டைப் பிடியில் வைத்திருந்த சர்வாதிகாரி சலசாரின் முழக்கம். வென்டுரா அதோடு 'வேலை' என்ற ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டு மேடை ஏறினார்.

எங்களை அழைத்து வந்த அண்ணாச்சி தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் வெளிநாட்டு மாலுமிகளோடும் கேப்டன்களோடும் புழங்கியவர். ஆங்கிலேயர் மேல் அவருக்குத் தனி மதிப்பு உண்டு. "இதுக்குத்தான் சொல்லுதேன், இங்கிலீஷ்காரன் வேற, மத்த ஐரோப்பாக்காரன் வேற. அவன்கிட்ட கன்சர்வேட்டிவ் கட்சின்னு ஒண்ணு இருக்கு. பழசக் காப்பாத்தும். மனுசன விரட்டாது" என்றார். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லாம் ஒரே குட்டைதான் அண்ணாச்சி. ஒருத்தன் கோட்டு போட்டுச் சொல்லுவான், இன்னொருத்தன் கத்திச் சொல்லுவான்."

அங்கே தொடங்கிய வாக்குவாதம் தூத்துக்குடி வந்து சேரும்வரை ஓயவில்லை. இதை அயலூர்ச் சண்டை என்று தள்ளிவிட முடியாது. ஐரோப்பாவில் தமிழர் வாழாத பெரிய நாடு இன்று இல்லை. நார்வேயில் 2011 ஜூலை 22 அன்று ஒரு தீவிர வலதுசாரி தனியாளாக 77 பேரைக் கொன்றான். அதில் 69 பேர் உத்தோயா தீவில் நடந்த தொழிலாளர் கட்சி இளைஞர் முகாமில் இறந்தார்கள். அந்த முகாமிலிருந்து குளிர்ந்த ஏரியில் குதித்து நீந்தித் தப்பியவர்களில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் பிறந்த கம்சாயினி குணரத்தினம். பின்னாளில் ஒஸ்லோவின் துணை மேயரானார், நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். கொன்றவன் எழுதி வைத்த கொள்கை விளக்கம் முழுக்க, ஐரோப்பாவை முஸ்லிம்களிடமிருந்து மீட்கும் சிலுவைப்போர் பற்றிய பேச்சு.

சிலுவைப்போர் பேச்சு இந்த முத்துக்குளித்துறைக் கரைக்குப் புதிதல்ல. போர்ச்சுக்கீசியர் இந்தக் கடலுக்கு வந்தபோது, ஐபீரியத் தீபகற்பத்தில் முஸ்லிம் அரசுகளை வீழ்த்திய நினைவு அவர்களுக்குச் சூடு ஆறாமல் இருந்தது. 1492-இல் கிரனாடா வீழ்ந்தது. அதே ஆண்டு ஸ்பெயினிலிருந்து யூதர்கள் துரத்தப்பட்டார்கள், சில ஆண்டுகளில் போர்ச்சுக்கலிலும் அதே கதி. அந்தக் கண்ணோடு இங்கே வந்து இறங்கியவர்களுக்கு, முத்துப் படுகைகளுக்காகப் பரவருக்கும் முஸ்லிம் வணிகருக்கும் நடந்துகொண்டிருந்த தொழில் தகராறு பழைய மதப்போரின் தொடர்ச்சியாகவே தெரிந்தது. பரவர் பாதுகாப்புக் கேட்டுக் கொச்சியிலிருந்த போர்ச்சுக்கீசியரிடம் போனார்கள். 1536, 1537-ஐ ஒட்டி ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1538-இல் வேதாளையில் போர்ச்சுக்கீசியத் தளபதி மார்த்திம் அபோன்சோ டி சோசாவின் படை மரைக்காயர் கப்பற்படையை முறியடித்தது. தொழில் போட்டி மதச் சண்டையாக உருமாறியது அப்படித்தான். பரவர் அன்று எடுத்த முடிவை நான் குறைசொல்ல மாட்டேன். கடலில் தொழில் செய்பவனுக்குத் துணை வேண்டும், கிடைத்த துணையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த மதத்தைப் பின்னால் உயிராகவும் நேசித்தார்கள்.

ஸ்பெயினின் தீவிர வலதுசாரிக் கட்சியான வோக்ஸ், 2019 தேர்தல் பிரசாரத்தைக் கோவடோங்காவில் தொடங்கியது. முஸ்லிம் படைகளுக்கு எதிரான முதல் கிறிஸ்தவ வெற்றி என்று ஸ்பானியர் கொண்டாடும் இடம் அது. ஐந்நூறு ஆண்டுக்கு முன் மணப்பாட்டில் இறங்கிய அதே கதையை இன்றும் விற்கிறார்கள். ஆனால் அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே ஒன்று மாறிவிட்டது. அன்று ஞானஸ்நானம் பெற்றவன் உள்ளே, பெறாதவன் வெளியே. தம்பி ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர், சவேரியார் பெயரால் வளர்ந்தவர், போர்ச்சுக்கீசியப் பெயர் சுமப்பவர். அவருக்கும் அந்தப் போஸ்டரில் இடமில்லை. மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்கிறவர்கள் உள்ளுக்குள் பிறப்பைத்தான் பார்க்கிறார்கள். அண்ணாச்சியின் கட்சியில் நான் பாதியாவது நிற்பதற்குக் காரணம் இதுதான். பழமைவாதம் என்பது மன்றம், சட்டம், வழக்கம், கோயில் என்று முன்னோர் விட்டுப் போனவற்றின் மேல் நம்பிக்கை வைப்பது. தீவிர வலது ரத்தத்தின் மேல் நம்பிக்கை வைக்கிறது. முன்னதில் வந்தேறிக்கும் ஒரு வாசல் இருக்கும், வழக்கத்தை ஏற்றால் போதும். பின்னதில் வாசலே கிடையாது.

குலசேகரன்பட்டினத்தைக் கடக்கும்போது அண்ணாச்சி சர்ச்சிலை இழுத்தார். "ஹிட்லர எதுத்து நின்னது யாரு? கன்சர்வேட்டிவ்தான?" உண்மைதான். ஆனால் சர்ச்சில் பிரதமராக இருந்த 1942-இல், இதே குலசையில் என்ன நடந்தது என்று தம்பிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். செப்டம்பர் மாதம் உப்பளத்துக்குள் நுழைந்த விடுதலைப் போராளிகளோடு ஏற்பட்ட மோதலில் லோன் என்ற வெள்ளை உப்புத்துறை அதிகாரி கொல்லப்பட்டார். காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரு இளைஞர்களுக்குத் தூக்கு தீர்ப்பானது. ராஜாஜி உள்ளிட்டோரின் முயற்சியால் அது ஆயுள் தண்டனையாகக் குறைந்து, பின்னர் விடுதலையானார்கள். "நாஜியை எதுத்தவருக்கு நம்மள விட மனசு வரலையே அண்ணாச்சி" என்றார் தம்பி.

இருவர் சொன்னதும் சரி. அதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். இந்தியாவுக்கு மாகாண சுயாட்சி தந்த 1935-ஆம் ஆண்டுச் சட்டம், கன்சர்வேட்டிவ்கள் பெரும்பான்மையாக இருந்த அரசு கொண்டு வந்ததுதான். அதைக் கொண்டு வந்த அமைச்சர் சாமுவேல் ஹோர் கன்சர்வேட்டிவ். அதை எதிர்த்து நாடாளுமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டிய சர்ச்சிலும் கன்சர்வேட்டிவ். ஒரே கட்சிக்குள் இரண்டு குணம். எது மேலே வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் நம்மைப் போன்றவர்களின் தலையெழுத்து அமைந்தது.

திருச்செந்தூரில் கூட்டம். நிற்கவில்லை. காயல்பட்டினத்தில் அண்ணாச்சிக்குப் பழக்கமான ஒரு வணிகர் வீட்டில் தேநீர் குடித்தோம். பேச்சு உப்பு விலை, துறைமுகம், பிள்ளைகளின் வேலை என்று போனது. முத்துக்காகக் கத்தி எடுத்த இரு தரப்பின் வழிவந்தவர்கள் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைப்பு அங்கே யாருக்கும் இல்லை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கீழக்கரை முஸ்லிம்களும் பரவரும் ஒரே படுகையில் மூழ்கியவர்கள். அந்த உறவு போர்ச்சுக்கீசியர் மூட்டிய பகையைவிட நீண்ட நாள் இருந்தது.

ஆத்தூர்க் குளத்துப் பக்கம் வண்டியை நிறுத்தச் சொன்னேன். வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பேர்போன ஊர். குளம் நிறைந்து கிடந்தது. இங்கிலாந்துப் பழமைவாதத்தின் தந்தை என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் எட்மண்ட் பர்க், இது போன்ற நம் குளங்களைப் பற்றி லண்டன் நாடாளுமன்றத்தில் பேசியிருக்கிறார் என்றேன். அண்ணாச்சிக்கே அது தெரியாது.

1785 பிப்ரவரி 28. ஆற்காடு நவாபின் கடன்களைப் பற்றிய விவாதம். அப்போது திருநெல்வேலிச் சீமை நவாபின் கணக்கில் இருந்தது. சென்னையிலிருந்த கம்பெனிக்காரர்கள், பால் பென்ஃபீல்டு போன்றவர்கள், நவாபுக்குக் கொள்ளை வட்டிக்குக் கடன் கொடுத்து, அதற்கு ஈடாக ஊர் ஊராக வரிவசூலை எழுதி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடன்களை விசாரணை இல்லாமல் ஏற்றுக்கொள்ள அரசு துணிந்தபோது பர்க் எழுந்தார். கர்நாடகச் சீமையிலும் தஞ்சையிலும் பெரிதும் நடுத்தரமுமாகப் பத்தாயிரம் ஏரிகளுக்குக் குறையாது, அவை மக்களைப் பிள்ளைகளாகப் பார்த்த அரசர்கள் பின்வரும் தலைமுறைக்கு விட்டுப்போன சொத்து, கடன்காரர் கூட்டம் அதைத் தூர்ந்துபோக விடுகிறது என்று வாதாடினார். அவர் இந்தியாவைக் கண்ணால் பார்த்தவர் அல்ல. பின்னர், கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸைக் குற்றக்கூண்டில் நிறுத்தி, 1788 முதல் 1795 வரை நடந்த விசாரணையை முன்னின்று நடத்தினார். நீதி என்பது லண்டனுக்கு ஒன்று, இங்கே ஒன்று என்று இருக்கமுடியாது என்பதே அவர் வழக்கின் அடிநாதம்.

பழமைவாதத்தின் உச்சம் என்று நான் மதிப்பது இந்தப் பேச்சைத்தான். முன்னோர் வெட்டிய குளத்தை நாம் தூர்க்கக்கூடாது, அது வேற்று நாட்டான் வெட்டிய குளமானாலும் சரி. இதைச் சொல்ல இனப்பெருமை தேவைப்படவில்லை. அடுத்தவனின் மரபையும் மரபு என்று மதிக்கத் தெரிந்த மனம் தேவைப்பட்டது. ஐரோப்பியத் தீவிர வலதுக்கு வாய்க்காதது அந்த மனம்.

"அப்படிப்பட்டவரு பேசியும் ஹேஸ்டிங்ஸ என்ன செஞ்சான்?" என்று கேட்டார் தம்பி. விடுதலை செய்தார்கள். 1797-இல் பர்க் இறந்தார். இரண்டே ஆண்டில், 1799 அக்டோபர் 16 அன்று, கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801-இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். அந்த ஆண்டுகளில் இந்தச் சீமையில் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் கலெக்டராக இருந்தவர் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன். ஊர் திரும்பி, கன்சர்வேட்டிவ்களின் முன்னோடியான டோரிக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினரானார், கருவூலச் செயலராக இருந்தார், 1827-இல் சென்னை ஆளுநராக வந்து அமர்ந்தார். பர்க்கின் பெயரைச் சொல்லி வளர்ந்த அரசியல் மரபு, நம் சீமையில் வேலை பார்த்தது பெரும்பாலும் லஷிங்டன்களின் கையால். அண்ணாச்சி இதைக் கேட்டு வெகுநேரம் எதிர்வாதம் செய்யவில்லை.

முள்ளக்காட்டு உப்பளங்களைத் தாண்டித் தூத்துக்குடிக்குள் நுழைந்து நேரே திரேஸ்புரம் போனோம். சங்குகுளிப் படகுகள் கரை திரும்பியிருந்தன. முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது. சங்கு மட்டும் மிச்சம். கம்ப்ரசரிலிருந்து வரும் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் கடலடியில் நடந்து பொறுக்குகிறார்கள். கரையில் குவித்த சங்குகளை ஒருவர் எடுத்து அளவுச் சட்டத்தில் விட்டுப் பார்த்தார். விழுந்துவிட்டால் சிறிசு, கழிக்கவேண்டும். மேல்தோல் பழுப்பாக, பாசி படிந்து, வீச்சமடித்தது. இவை வங்காளத்துக்குப் போய் வளையலாகும். அங்கே கல்யாணப் பெண் கையில் ஏறும் வெள்ளைச் சங்குவளை, இந்தக் கரையில் ஒருவன் மூச்சைப் பணயம் வைத்து எடுத்தது.

முத்துக்குளிப்புக் காலத்தில் சுறா வாயைக் கட்டும் மந்திரம் தெரிந்த 'கடல்கட்டி' கரையில் உட்காராமல் ஒருவரும் நீரில் இறங்கமாட்டார்கள். பைபிளோடு வந்த ஆங்கில அரசும் அவருக்குக் கூலி கொடுத்து உட்கார வைத்தது. பரவரின் சாதித் தலைவருக்கு முத்துக்குளிப்பில் இருந்த பழைய உரிமைகளையும் அங்கீகரித்தது. வழக்கத்தில் கை வைக்காதே என்பது அவர்கள் பாடம். ஆனால் படுகை முழுக்க அரசின் சொத்து, ஏலம் அவர்கள் கையில். மந்திரவாதிக்குக் கூலி கொடுத்துவிட்டு முத்தை எடுத்துக்கொண்டார்கள். அண்ணாச்சி மதிக்கும் அந்தக் கண்ணியத்தின் அளவு எது என்று இந்தக் கரையில் கேட்டால், இதைத்தான் காட்டுவேன்.

ஆங்கிலேயருக்கு முன் 1658-இல் வந்த டச்சுக்காரர்கள் வேறு வழியில் இதே பாடத்தைக் கற்றார்கள். கால்வினியப் புராட்டஸ்டண்டுகள். கத்தோலிக்கக் குருக்களை விரட்டினார்கள், ஆலயங்களைப் பிடுங்கினார்கள், பரவரைத் தங்கள் சபைக்கு இழுத்துப் பார்த்தார்கள். நடக்கவில்லை. மாதா சுரூபத்தை ஒளித்து வைத்துக் காத்த கதையை ஊரில் இன்றும் சொல்வார்கள். முத்தெடுக்கும் ஆள் இல்லாமல் கம்பெனி லாபம் பார்க்க முடியாது என்பதால் டச்சுக்காரர் இறங்கி வந்தார்கள். பனிமய மாதா ஆலயம் 1713-இல் கட்டி முடிந்தது அவர்கள் ஆட்சியில்தான். இவ்வளவு வணிகப் புத்தி உள்ள நாட்டில் 2023 நவம்பர் தேர்தலில் 37 இடங்களோடு முதல் கட்சியாக வந்தது கீர்ட் வில்டர்ஸின் கட்சி. குரானைத் தடைசெய்யச் சொன்னவர் அவர். அவருடைய தாய் டச்சு ஆட்சியிலிருந்த ஜாவாவில் பிறந்தவர்.

திரேஸ்புரத்திலிருந்து பனிமய மாதா ஆலயத்துக்குப் போனோம். உள்ளே ஒளி குறைவு. தம்பி மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து, இவ்வளவு நேரம் மனதில் வைத்திருந்ததைக் கேட்டார். "அண்ணே, கோவிச்சிக்காதிய. வ.உ.சி.யும் சுதேசின்னுதான சொன்னாரு? நம்ம கப்பல், நம்ம பொருள், நம்ம ஆளு. வென்டுராவும் அதத்தான சொல்லுதான்?"

நல்ல கேள்வி. தூத்துக்குடியில் இருந்துகொண்டு இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லக்கூடாது. 1906 அக்டோபர் 16 அன்று பதிவான சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி, 25 ரூபாய்ப் பங்குகள் 40,000 என்று திட்டமிட்டது. பங்குகள் ஆசியருக்கே என்று வைத்திருந்தார்கள். அதை மறைக்கவேண்டியதில்லை. தலைவர் பாண்டித்துரைத் தேவர். 8,000 பங்குகளை, அதாவது இரண்டு லட்சம் ரூபாய்க்கு, ஒரே ஆளாக எடுத்தவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். எதிரே நின்றது தூத்துக்குடி–கொழும்புத் தடத்தைத் தன் ஏகபோகமாக வைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி, அதன் பின்னால் கலெக்டர், போலீஸ், கோர்ட்டு. சுதேசி என்பது அங்கே, ஆளப்பட்டவன் தன் கடலில் தொழில் செய்யும் உரிமையைக் கேட்டது. 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைச் சுப்பிரமணிய சிவாவோடு சேர்ந்து முன்னின்று நடத்தி, கூலி உயர்வும் விடுமுறையும் வாங்கிக் கொடுத்தார் வ.உ.சி. லிஸ்பனில் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் தங்களைவிட எளியவனை, பாத்திரம் தேய்க்கிறவனை, எதிரியாகக் காட்டுகிறார்கள். சொல் ஒன்றாக இருக்கலாம், விரல் எந்தப் பக்கம் நீள்கிறது என்று பார்க்கவேண்டும்.

ஆனால் நம் வீட்டிலும் அந்த நஞ்சு எட்டிப் பார்த்திருக்கிறது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதனின் சட்டைப் பையில் இருந்த கடிதம், சனாதன தர்மத்தைப் பேசுகிறது, கோமாமிசம் தின்னும் மிலேச்சன் என்று அரசனைப் பழிக்கிறது. உயிரைக் கொடுத்தவர் என்ற மரியாதை எனக்கு உண்டு. அந்தக் கடிதத்தின் மொழி மேல் எனக்கு மரியாதை இல்லை. வ.உ.சி. கட்டிய தேசத்தில் பக்கீர் சேட்டுக்கும் மில் கூலிக்கும் இடமிருந்தது. அந்தக் கடிதம் கற்பனை செய்த தேசத்தில் தம்பிக்கு இடமிருந்திருக்குமா?

வ.உ.சி.க்கு 1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். உயர்நீதிமன்றத்தில் அது பின்னர் குறைந்தது. அப்போது லண்டனில் ஆண்டது லிபரல் கட்சி. இந்திய அமைச்சர் ஜான் மார்லி, திருநெல்வேலித் தண்டனைகள் நியாயப்படுத்த முடியாதவை என்று வைஸ்ராய் மிண்டோவுக்குக் கடிதம் எழுதினார். மிண்டோ கன்சர்வேட்டிவ் அரசால் அமர்த்தப்பட்டவர். லிபரல் அமைச்சரின் மனவருத்தத்தால் கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு நிற்கவில்லை. ஆகவே இங்கிலாந்துக் கட்சிப் பெயர்களை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு எதையும் நம்பக்கூடாது என்று அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"சரிவே, இப்ப உள்ள கதைக்கு வா" என்றார். வந்தேன். அவர் பக்கத்துக்கு வலுவான சாட்சி 1968. ஏப்ரல் 20 அன்று கன்சர்வேட்டிவ் தலைவர்களில் ஒருவரான ஈனக் பவல், குடியேறிகளால் நாட்டில் ரத்தம் ஓடும் என்ற பொருளில் பர்மிங்காமில் பேசினார். மறுநாளே கட்சித் தலைவர் எட்வர்ட் ஹீத் அவரை நிழல் அமைச்சரவையிலிருந்து நீக்கினார். பவலுக்கு ஆதரவாகத் துறைமுகத் தொழிலாளர்கள் ஊர்வலம் போனார்கள், ஹீத் அசையவில்லை. 1972-இல் இடி அமீன் துரத்திய உகாண்டா ஆசியர்களில் சுமார் 27,000 பேரை ஏற்றுக்கொண்டது அதே ஹீத்தின் அரசு. பர்க்கின் பேரன் என்று ஒருவரைச் சொல்லவேண்டுமென்றால் நான் அவரைச் சொல்வேன். இதற்கு நேர்மாறான சாட்சி ஜெர்மனியில் இருக்கிறது. 1933 ஜனவரியில் ஹிட்லரைத் தெருக்கலவரம் பதவியில் ஏற்றவில்லை. பாப்பன் என்ற பழமைவாதியும் அவர் கூட்டமும், அவனைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணி வாசலைத் திறந்துவிட்டார்கள். தீவிர வலது எந்த நாட்டிலும் எப்போதும் இருக்கும். அது ஆட்சிக்கு வருமா என்பதைப் பழமைவாதிகள்தான் முடிவுசெய்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் இருக்கும் அக்கறையும் கோபமும் அதனால்தான்.

இன்று அந்த வாசலில் என்ன நடக்கிறது? ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை 1950-இல் கையெழுத்தானது. அதை எழுதியதில் முதன்மையானவர் டேவிட் மேக்ஸ்வெல் ஃபைஃப் என்ற கன்சர்வேட்டிவ் வழக்கறிஞர், சர்ச்சிலும் அதற்கு ஆதரவு. கட்சி 2024 தேர்தலில் 121 இடங்களுக்குச் சரிந்து, குடியேற்ற எதிர்ப்பைப் பேசும் நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சி பின்னாலேயே துரத்தத் தொடங்கியதும், அந்த உடன்படிக்கையிலிருந்து வெளியேறுவோம் என்று 2025 அக்டோபரில் அறிவித்தார் கன்சர்வேட்டிவ் தலைவர் கெமி பேடனாக். தம் தாத்தாக்கள் கட்டியதைத் தாமே இடிக்கப் புறப்பட்டவர்களைப் பழமைவாதிகள் என்று அழைப்பது எப்படி? ரிஷி சுனக்கைப் பிரதமராக்கிய கட்சி என்பதால் இது சரியாகிவிடாது. 2024 ஆகஸ்டில் ராதரமில் அகதிகள் தங்கிய விடுதிக்குக் கும்பல் தீ வைக்க முயன்றபோது, உள்ளே இருந்தவர்களுக்கு, அதற்குச் சற்று முன்புவரை பிரதமராக இருந்தவர் என்ன நிறம் என்பதில் ஆறுதல் இருந்திருக்காது.

ஜெர்மனியில் 2025 ஜனவரி 29 அன்று, கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சித் தலைவர் மெர்ஸ், குடியேற்றத்துக்கு எதிரான தீர்மானம் ஒன்றை தீவிர வலதுசாரி ஏஎஃப்டி கட்சியின் வாக்குகளோடு நிறைவேற்றினார். அடுத்த மாதத் தேர்தலில் ஏஎஃப்டி 20.8 சதவீதம் பெற்று இரண்டாமிடம் வந்தது.

பேசிக்கொண்டே பழைய துறைமுகத்துக்கு வந்துவிட்டோம். மாலத்தீவுக்குப் போகும் தோணிகளில் வெங்காய மூட்டையும் செங்கல்லும் ஏறிக்கொண்டிருந்தன. தம்பி கைப்பேசியில் குடியுரிமைக்கான தன் கோப்பைக் காட்டினார். ஐந்தாண்டு சட்டப்படி குடியிருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்பது போர்ச்சுக்கல் விதியாக இருந்தது. 2025 அக்டோபரில் அதைப் பத்தாண்டாக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. போர்ச்சுக்கீசிய மொழி பேசும் நாட்டினருக்கு ஏழு. ஐந்நூறாண்டாகப் போர்ச்சுக்கீசியப் பெயர் தாங்கும் கடற்கரைக்குத் தனிக் கணக்கு எதுவும் இல்லை. டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் சில பகுதிகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. தம்பிக்கு அப்போது நான்கு ஆண்டு முடிந்திருந்தது.

"ஷேகாவுக்கு அறுவது சீட்டுதான? அறுவத வச்சு எப்படி நிறைவேத்துனான்?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"அவன் கொண்டாரல அண்ணாச்சி. ஆளுற மிதவாத வலதுசாரிக் கட்சி கொண்டாந்துச்சு. அவன் ஓட்டுப் போட்டான்."

அண்ணாச்சி கைப்பேசியை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றிய செய்தியை முதலிலிருந்து மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னார். எந்தப் பிரிவு செல்லாது, எது நிற்கிறது, மறுபடி நாடாளுமன்றத்துக்கு எப்போது வரும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.